கணவரின் ஆழ்கடல் சாதனை ஆசை: குறுக்கே நிற்பது தவறா?

வாசகர் கேள்வி

"என் கணவர் பொறியாளர். அவருக்கு 36 வயது, எங்கள் மகளுக்கு நான்கு வயது. சில ஆண்டுகளாக அவர் ஃப்ரீடைவிங்கில், அதாவது காற்று உருளை ஏதுமின்றி ஒரே மூச்சில் கடலுக்குள் இறங்கி ஏறும் விளையாட்டில், ஈடுபட்டு வருகிறார். விடுமுறை கிடைத்தால் பாலித் தீவின் ஆமெட் கடற்கரைக்குப் போய்விடுவார். இப்போது 60 மீட்டரைத் தாண்டிவிட்டார். சிங்கப்பூரின் தேசியச் சாதனை ஒன்றை முறியடிப்பது, அதன் பிறகு இன்னும் ஆழமாகப் போவது என்று திட்டம் வைத்திருக்கிறார். விடியற்காலையில் எங்கள் கொண்டோ நீச்சல்குளத்தில் தனியாக மூச்சடக்கி நீந்திப் பழகுகிறார். சென்ற முறை ஆமெட்டில் ஒரு மூழ்கலுக்குப் பின் எச்சிலில் இரத்தம் வந்ததாக நண்பரிடம் அவர் தொலைபேசியில் சொல்லக் கேட்டேன். என்னிடம் அது சின்ன விஷயம் என்றார். 2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட சிங்கப்பூரர் ஒருவர் இறங்கும் வழியில் காணாமற்போன செய்தியும், அவர் மனைவிக்கு அனுப்பிய கடைசிச் செய்தியும் என் மனத்தை விட்டு அகலவில்லை. நான் எதிர்த்துப் பேசினால், 'சாலையில் போவதிலும்தான் ஆபத்து இருக்கிறது' என்கிறார். என் மாமியாரோ, 'ஆண்பிள்ளைக்கு ஓர் ஆசைகூட இருக்கக் கூடாதா, அம்மா?' என்கிறார். ஒரு சாதனைக்காக உயிரைப் பணயம் வைப்பது தகுமா? குறுக்கே நிற்கும் நான் சுயநலக்காரியா?"

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செங்காங்

மருத்துவர் பதில்

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

உயிரைப் பணயம் வைப்பது தகுமா என்ற பெரிய கேள்விக்கு வருவதற்கு முன், உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன ஒன்றைப் பற்றி நான் பேசியாக வேண்டும். முக்குளிப்போரின் உடல்நலத்தைக் கவனிக்கும் மருத்துவர் என்ற முறையில், உங்கள் கணவர் எட்டியிருக்கும் 60 மீட்டர் ஆழத்தைவிட, கழுத்தளவு தண்ணீர் உள்ள உங்கள் கொண்டோ நீச்சல்குளமே என்னை அதிகம் கலங்கச் செய்கிறது. அங்கே அவர் தனியாக மூச்சடக்கிப் பழகுவது இன்றோடு நிற்க வேண்டும். இதில் பேரம் பேச எனக்கு இடமில்லை.

மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பு, பெரும்பாலோர் நினைப்பதுபோல் உடலில் ஆக்சிஜன் குறைவதால் எழுவதில்லை. கரியமில வாயு சேர்வதால்தான் முதன்மையாக எழுகிறது. மூழ்குவதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சு வாங்கினால், இரத்தத்தில் உள்ள கரியமில வாயு குறைந்துவிடும். ஆக்சிஜனோ சொல்லத்தக்க அளவுக்குக் கூடாது. அதனால் தவிப்பு தாமதமாக வருகிறது, நீந்துபவருக்கும் இன்று உடல் நன்றாக ஒத்துழைக்கிறது என்று தோன்றுகிறது. அந்த இடைவெளியில் ஆக்சிஜன் மூளைக்குப் போதாத அளவுக்கு இறங்கி, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு போய்விடுகிறது. வலி இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, கையைத் தூக்கி உதவி கேட்க நேரமும் இல்லை. பக்கத்தில் ஒருவர் இருந்து உடனே முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தால், பெரும்பாலும் சில நொடிகளில் மூச்சு திரும்பிவிடும். யாரும் இல்லையென்றால் அடுத்த மூச்சு தண்ணீராகத்தான் இருக்கும். சாதாரணமாக ஆக்சிஜன் கிடைக்காமல் நான்கைந்து நிமிடங்கள் கடந்தால் மூளை பழுதடையத் தொடங்கும் என்பார்கள். மயங்கும்போதே ஆக்சிஜன் வற்றிப்போயிருக்கும் ஒருவருக்கு அந்த அவகாசமும் கிடையாது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் உடல் திடமானவர்களும்தான் இப்படி மாள்கிறார்கள், ஏனென்றால் தவிப்பைப் பொறுத்துக்கொள்ளப் பழகியவர்கள் அவர்களே.

அவர் மூச்சடக்கிப் பழகியே ஆக வேண்டும் என்றால், வீட்டில் படுக்கையில் படுத்தபடி பழகட்டும். அங்கே மயங்கினாலும் உடல் தானாக மூச்சிழுத்துக்கொள்ளும். தண்ணீரில் என்றால், மீட்கத் தெரிந்த ஒருவர் கைக்கெட்டும் தொலைவில், வேறு வேலை இல்லாமல், அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குளக்கரையில் கைபேசியுடன் உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் அதற்குப் போதமாட்டார்.

அடுத்தது அந்த இரத்தம். அதைச் சின்ன விஷயம் என்று உங்கள் கணவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் நுரையீரலில் உள்ள காற்று பாதியாகச் சுருங்கும், 30 மீட்டரில் கால்பங்காகும். 60 மீட்டரில் அழுத்தம் ஏழு மடங்கு. மேற்பரப்பில் 6 லிட்டராக இருந்த காற்று அங்கே ஒரு லிட்டருக்கும் கீழே வந்துவிடும். முழுவதும் மூச்சை வெளியேற்றிய பிறகும் நம் நுரையீரலில் எஞ்சியிருக்கும் காற்றைவிட அது குறைவு. அந்த வெற்றிடத்தை ஈடுசெய்யக் கைகால்களிலிருந்து இரத்தம் நெஞ்சுக்குள் பாய்கிறது. படிப்படியாகப் பழகிய உடல் இதைத் தாங்கும். பழக்கத்துக்கு மிஞ்சிய ஆழத்தில், அல்லது அங்கே கையை நீட்டி உடலை முறுக்கித் திரும்பும்போது, நுரையீரலின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் கசிகின்றன. எச்சிலில் வந்தது அந்தக் கசிவாகவே இருக்கக்கூடும். முக்குளிப்போர் இதை 'ஸ்குவீஸ்' என்று சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். சளி பிடித்ததைப்போல அதைச் சொல்லிச் சிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சிரிப்பு வராததற்குக் காரணம் நிக்கோலஸ் மெவோலி. அமெரிக்கரான அவர் 2013 நவம்பர் 17 அன்று பஹாமாஸ் நாட்டின் டீன்ஸ் புளூ ஹோல் என்ற கடற்குழியில் நடந்த போட்டியில், துடுப்புக் காலணிகூட இல்லாமல் 72 மீட்டரைத் தொட முயன்றார். அவருக்கு வயது 32. அதற்கு முந்தைய நாள்களிலேயே அவருடைய நுரையீரல் அடிபட்டிருந்தது. அன்று ஏறத்தாழ 68 மீட்டரில் அவர் திரும்புவதற்கு முனைந்தார். பிறகு மனம் மாறி மீண்டும் கீழே இறங்கினார். இலக்கைத் தொட்டு, மூன்றரை நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் தன் முயற்சியாலேயே மேலே வந்து, நீச்சல் கண்ணாடியைக் கழற்றி, நலம் என்று கையால் சைகையும் காட்டினார். வாய்திறந்து சொல்ல முடியவில்லை. நினைவிழந்தார், மருத்துவக் குழு பக்கத்திலேயே இருந்தும் பிழைக்கவில்லை. ஏய்டா என்ற அனைத்துலகச் சங்கத்தின் போட்டியில் ஒரு வீரர் உயிரிழந்தது அதுவே முதல்முறை.

அவருடைய உடல் திரும்பச் சொல்லியது; அவரும் ஒருகணம் அதைக் கேட்டார்; பிறகு கேட்கவில்லை. இவ்வகை மரணங்களைப் பற்றி நான் படித்ததிலும் கேட்டதிலும் அடிக்கடி எதிர்ப்படுவது இந்த இடம்தான். ஆழமோ உயரமோ மட்டும் கொல்வதில்லை. திரும்பலாம் என்ற கதவு திறந்திருக்கும்போதே அதைத் தாமே சாத்திக்கொள்வது கொல்கிறது. ஆகவே, ஒரு சாதனை முயற்சி தகுமா தகாதா என்று என்னிடம் கேட்டால், அது எவ்வளவு ஆபத்தானது என்று முதலில் பார்க்க மாட்டேன். பாதியில் விடுவதற்கு அதில் இடமுண்டா, முயல்பவரை நிறுத்தும் அதிகாரம் வேறு யாருக்காவது உண்டா என்றுதான் பார்ப்பேன். இரண்டும் இருந்தால், அபாயம் கணிசமானதாக இருந்தாலும், ஒரு முதிர்ந்த மனிதர் அதை ஏற்கலாம் என்பது என் கருத்து. இரண்டும் இல்லையென்றால் எந்தப் பதக்கமும் அதற்கு ஈடாகாது.

உங்கள் கணவர் விரும்பும் தேசியச் சாதனை, முறையான போட்டியில் நடப்பதாக இருந்தால், முதல் வகையைச் சேர்ந்தது. அங்கே வீரர் ஒரு கயிற்றோடு பிணைக்கப்பட்டிருப்பார், பாதுகாப்பு முக்குளிப்பாளர்கள் பாதி வழியிலேயே அவரை எதிர்கொண்டு கூடவே ஏறுவார்கள். ஏய்டா விதியின்படி, மேலே வந்த 15 நொடிகளுக்குள் முகத்திலுள்ள கருவிகளைக் கழற்றி, கையால் சைகை காட்டி, தாம் நலம் என்று வாயாலும் சொல்ல வேண்டும். அதைச் செய்ய முடியாதவருக்கும் நினைவிழந்தவருக்கும் சிவப்பு அட்டைதான், எவ்வளவு ஆழம் போயிருந்தாலும் கணக்கில் வராது. நல்ல நிலையில் திரும்பி வருவதையும் சாதனையின் பகுதியாக ஆக்கிய விதி இது. எனக்கு இந்த விளையாட்டின்மீது இருக்கும் மரியாதையில் பாதி இந்த விதியினால் வந்தது. அது மெவோலியைக் காப்பாற்றவில்லை என்பதும் உண்மை. நடுவர் அட்டையைத் தூக்குவதற்கு முன்பே முடிந்துவிட்ட தவறுகளும் உண்டு.

ஆனால் "இன்னும் ஆழமாக" என்று அவர் சொல்வது எதை என்பதை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எடையுள்ள சறுக்குவண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, காற்றூதிய பலூனின் உதவியால் ஏறும் 'நோ லிமிட்ஸ்' வகை ஒன்று உண்டு. அது உங்கள் வீட்டுக்கு வேண்டாம். 2002 அக்டோபர் 12 அன்று பிரான்ஸைச் சேர்ந்த ஆட்ரி மெஸ்ட்ரே, டொமினிக்கன் குடியரசுக் கடலில் 171 மீட்டருக்கு இறங்கினார். மேலே தூக்க வேண்டிய பலூனை நிரப்பும் உருளையில் போதிய காற்று இல்லை. எட்டு நிமிடங்களுக்கும் மேலாக நீருக்கடியில் இருந்த அவரை உயிரோடு மீட்க முடியவில்லை. வயது 28. தம் உடலின் வலிமையை எவ்வளவு வளர்த்திருந்தாலும், அந்த ஆழத்தில் அவர் உயிர் ஓர் உருளையைச் சரிபார்க்க வேண்டியவர்களின் கையில் இருந்தது. ஆஸ்திரியாவின் ஹெர்பர்ட் நிட்ச், 2012 ஜூன் மாதம் கிரேக்கத்தின் சாண்டோரினி அருகே 253 மீட்டர் வரை சென்றார். உயிரோடு திரும்பினார், ஆனால் ஆழத்திலிருந்து மேலேறும்போது உடலில் வாயுக்குமிழிகள் உண்டாகும் அழுத்தக்குறைவு நோயால் மூளையில் பலமுறை பக்கவாதம் ஏற்பட்டு, நடக்கவும் பேசவும் புதிதாகப் பழக வேண்டியதாயிற்று. பிற்பாடு அவர் பெருமளவு தேறி மறுபடியும் கடலில் இறங்கியது அவருடைய மன உறுதிக்குச் சான்று. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. சாவை மட்டுமே எண்ணிப் பயப்படும் குடும்பங்கள் இந்த இன்னொரு முடிவை நினைத்துப் பார்ப்பதில்லை என்பதால் இதைச் சொல்கிறேன்.

விதிகள் காப்பது போட்டி நாளில் மட்டும்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரஷ்யாவின் நத்தாலியா மல்ச்சனோவா இந்த விளையாட்டில் பெண்களுள் ஈடிணையற்றவராக விளங்கியவர். 100 மீட்டரைத் தன் உடல் வலிமையாலேயே கடந்த முதல் பெண். 2015 ஆகஸ்ட் 2 அன்று ஸ்பெயினின் ஃபோர்மென்டேரா தீவருகே, தனிப்பட்ட முறையில் பயிற்சி அளிக்கச் சென்ற இடத்தில், அவர் சாதாரணமாக மூழ்கினார். அவருக்கு அது விளையாட்டுப் போன்ற ஆழம். திரும்பி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. உங்கள் கணவரிடம் போட்டியைப் பற்றிப் பேசுவதைவிட, போட்டி இல்லாத மற்ற எல்லா நாள்களையும் பற்றிப் பேசுங்கள். உங்கள் குளம் அந்த நாள்களைச் சேர்ந்தது.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த நம் முன்னோர், மேலே தோணியில் கயிறு பிடிக்கும் பொறுப்பை மனைவியின் உடன்பிறந்தானிடமே ஒப்படைத்தார்கள் என்று சொல்வதுண்டு. தன் அக்காளோ தங்கையோ தாலி இழப்பதை விரும்பாதவன், கயிறு அசைந்த கணமே இழுப்பான் என்ற கணக்கு அது. வறுமையின் பொருட்டு மூழ்கியவர்கள் வகுத்த இந்த ஏற்பாட்டை, விருப்பத்தின் பொருட்டு மூழ்கும் ஒருவர் அலட்சியம் செய்வது எனக்கு விந்தையாக இருக்கிறது. அவர் ஆமெட்டில் யாரோடு மூழ்குகிறார், அந்த நபருக்கு மயங்கியவரை மீட்கத் தெரியுமா, "இன்று போதும்" என்று அவர் சொன்னால் உங்கள் கணவர் கேட்பாரா? இவற்றை அறிந்துகொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சாலை விபத்தைப் பற்றி அவர் சொன்ன வாதம் எனக்குப் பழக்கமானது. இருசக்கர வாகனப் பந்தயக்காரர்களும் மலையேறிகளும் இதையே சொல்வார்கள். சாலையில் போவதை நிறுத்திவிட்டு அவர் கடலுக்குப் போகவில்லை. இருக்கும் ஆபத்தோடு இன்னொன்றைக் கூட்டுகிறார், அவ்வளவே. மேலும், சாலையில் அவர் ஒவ்வொரு மாதமும் தம் வேகத்தின் எல்லையை முந்தைய மாதத்தைவிடச் சற்றுத் தள்ளிவைத்துப் பார்ப்பதில்லை. சாதனை முயற்சி என்பதன் இயல்பே அதுதான். அதில் பாதுகாப்பான அளவு எது என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.

இதற்காக அவருடைய ஆசையைக் கொச்சைப்படுத்தவும் நான் விரும்பவில்லை. 1997 மே 23 அன்று மகேந்திரனும் மோகனதாசும் எவரெஸ்ட்டின் உச்சியை எட்டிய முதல் மலேசியர்கள் ஆனபோது, பாலத்துக்கு இப்பால் சிங்கப்பூரில் இருந்த தமிழர்களும் எவ்வளவு பூரித்தோம் என்பது என் வயதையொத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதே மனம்தான் வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தனையும் கொண்டாடுகிறது. 1971-இல் பாக்கு நீரிணையை இரு திசையிலும் நீந்திக் கடந்தவர், அதன் பின் கின்னஸ் சாதனைகள் பல படைத்தவர். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் உயிர்நீத்தார். அவர் பெயரைச் சொல்லும்போது எனக்கும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அந்தப் பெருமையை அனுபவிக்கும் நாம் அதற்காக எதையும் கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் அவருடைய வீட்டார். உங்கள் மாமியார் "ஓர் ஆசை" என்று சொல்வதிலும் தவறில்லை. அந்த ஆசைக்கான செலவில் ஒரு பங்கை நான்கு வயதுக் குழந்தையின் கணக்கில் எழுதுவதாக இருந்தால், குழந்தையின் சார்பில் பேச ஒருவர் வேண்டும். இப்போதைக்கு அது நீங்கள்தான். அதைச் சுயநலம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஆனாலும் "கடலா, நானா" என்று அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். அப்படிக் கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் நிறுத்துவதில்லை, சொல்வதைத்தான் நிறுத்துகிறார்கள். இரத்தம் வந்ததை அவர் நண்பரிடம் சொல்லி உங்களிடம் குறைத்துக் கூறியதிலேயே அதன் தொடக்கம் தெரிகிறது. இது ஆழத்தைவிட அபாயமானது, ஏனென்றால் நோய்க்குறியை மறைக்கப் பழகியவர் அடுத்து மருத்துவரிடமும் நடுவரிடமும் மறைப்பார். அவர் நிதானமாக இருக்கும் ஒரு மாலையில், குழந்தை தூங்கிய பிறகு, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கடந்த ஓராண்டில் இலக்கைத் தொடாமல் எத்தனை முறை பாதியில் திரும்பினீர்கள்? பலமுறை என்று சொல்லி, காது சமன்படவில்லை, அன்று தூக்கம் போதவில்லை என்று காரணங்களையும் இயல்பாகச் சொன்னால், ஓரளவு நிம்மதி கொள்ளலாம். ஒருமுறையும் இல்லை என்று பெருமையாகச் சொன்னால், அல்லது திரும்பிய நாள்களைத் தோல்வியாகக் கருதிக் கூச்சப்பட்டால், அவருடைய பயிற்றுநரிடம் நீங்கள் நேரடியாகப் பேசுவது நல்லது. நல்ல பயிற்றுநர் உங்கள் அழைப்பைத் தொல்லையாக நினைக்க மாட்டார்.

நுரையீரல் விஷயத்தில் தாமதம் வேண்டாம். முக்குளிப்பு மருத்துவம் அறிந்த ஒருவர் பரிசோதித்துச் சொல்லும்வரை அவர் ஆழத்துக்குப் போகக் கூடாது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே உயரழுத்த, முக்குளிப்பு மருத்துவப் பிரிவு இருக்கிறது. உங்கள் குடும்ப மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். கூடவே போங்கள். மருத்துவர் கேட்கும்போது, இரத்தம் எத்தனை முறை வந்தது, எந்த ஆழத்துக்குப் பின் வந்தது என்பதற்கு அவர் சொல்லும் பதிலை நீங்களும் கேட்டது போலிருக்கும். இனி எப்போதாவது மூழ்கிய பின் மூச்சுவாங்கல், நெஞ்சுவலி, ஒரு பக்கம் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் போன்றவை தெரிந்தால், ஓய்வெடுத்தால் சரியாகும் என்று காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். இங்கே என்றால் 995.

சில தாள்களையும் பார்த்துவிடுங்கள். மருத்துவன் பேச வேண்டிய விஷயமில்லைதான், ஆனால் படுக்கையருகே நின்று பார்த்ததால் சொல்கிறேன். அவருடைய பயணக் காப்புறுதியிலும் ஆயுள் காப்புறுதியிலும் போட்டி, சாதனை முயற்சி, குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே மூழ்குதல் ஆகியவை விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று முகவரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். மத்திய சேமநிதிக்கான நியமனம், அதாவது அவருக்குப் பின் அந்தப் பணம் யாருக்கு என்ற பதிவு, திருமணத்துக்குப் பின் செய்யப்பட்டதா என்று பாருங்கள். எல்பிஏ எனப்படும் அதிகாரப் பத்திரத்தையும் அவர் செய்துவைக்கட்டும். நிட்சுக்கு நேர்ந்தது போன்ற நிலையில், அவருக்காக முடிவெடுக்கும் சட்ட அதிகாரம் மனைவி என்பதாலேயே உங்களுக்கு வந்துவிடாது. சாதனை முயற்சியில் ஈடுபடும் ஒருவர் இந்தத் தாள்களில் கையெழுத்திடத் தயங்கினால், ஆபத்து இருக்கிறது என்று வாயால் சொல்கிறாரே தவிர, தமக்கு நேரும் என்று அவர் இன்னும் நம்பவில்லை என்று பொருள்.

இந்தப் பதிலை அவரிடம் தாராளமாகக் காட்டலாம். உடன்படாவிட்டால் அவரே எனக்கு எழுதட்டும். அவர் வாதத்துக்கும் பதில் தருகிறேன். குளத்தை மட்டும் அதற்காகக் காத்திருக்க விடாதீர்கள். நாளைக் காலையும் அவர் தனியாக இறங்கப்போவதாகச் சொன்னால், நீங்கள் கொண்டோ நிர்வாக அலுவலகத்திலும் காவலாளியிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அவருக்குக் கோபம் வரும். சில நாள் முகங்கொடுத்துப் பேசாமலும் இருப்பார். பரவாயில்லை.